பூனையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

மைசூரில் மூன்று நாள் கருத்தரங்கு. அழைப்பு வந்ததை வீட்டில் சொன்னதும் முதலில் எழுந்த கேள்வி, "அப்போ பூனையை யார் பாத்துக்குவா?" கேட்டவர் என் இணையர். மாதத்தில் பத்து நாள் வேலை நிமித்தம் அவர் வெளியூரில் இருப்பார். அப்போதெல்லாம் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இதற்கு முன் இரண்டு அழைப்புகளை மறுத்திருக்கிறேன். ஒருமுறை மகனின் தேர்வு. அடுத்த முறை இந்தப் பூனை.

இந்த முறை கிளம்பினேன். பூனை ஆளோடு மட்டுமல்லாமல் இடத்தோடும் ஒட்டி வாழ்வது. வேறெங்கோ கொண்டுபோய் விடுவதைவிடத் தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார் கால்நடை மருத்துவர். துவைக்காத என் பருத்திச் சேலையை அது படுக்கும் மூலையில் விரித்தேன். சாப்பாட்டு நேரங்களைத் தாளில் எழுதி அத்தையிடம் கொடுத்தேன். அத்தைக்குப் பூனையே ஆகாது.

முதல் நாள் இரவு தொலைபேசியில் அத்தை சொன்னார்: "கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கு. ஒண்ணும் தொடல."

பூனை தொடர்ந்து சில நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்புச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மறுநாள் காலை, கட்டுரை வாசிக்க வேண்டிய நேரத்தில், ஊர் திரும்ப ரயிலில் இடம் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது அத்தையே அழைத்தார். "சாளையை உப்புப் போடாம அவிச்சு வச்சேன். எல்லாத்தையும் தின்னுட்டு உன் சேலையிலே படுத்திருக்கு. நீ உன் வேலையைப் பாரு."

கட்டுரையை வாசித்தேன்.

குழந்தைகளின் பற்றை அறிய மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் வகுத்த சோதனை ஒன்று உண்டு. தாய் சிறிது நேரம் அறையை விட்டு வெளியேறித் திரும்புவார். குழந்தை அழுததா என்பதைவிட, அவர் திரும்பியதும் என்ன செய்தது என்பதே அதில் முக்கியம். இதே முறையில் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் பூனைக்குட்டிகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். வளர்ப்பவர் இரண்டு நிமிடம் விலகித் திரும்பியதும், வகைப்படுத்தப்பட்ட குட்டிகளில் சுமார் 64 விழுக்காடு பதற்றம் தணிந்து, அவரிடம் வந்துபோய், மறுபடி அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. உறுதியான பற்று என்று ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான். எனக்குச் சொல்லித் தரப்பட்ட பாசமோ, ஒருநாளும் வீட்டை விட்டு நகராதிருப்பது.

வீடு திரும்பியபோது பூனை என் பையை முகர்ந்தது. காலில் ஒருமுறை உரசிவிட்டு ஜன்னல் திண்டுக்குப் போய்விட்டது.

அன்று இரவு அத்தை என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஊர்லே அக்கா தனியா கிடக்கா. ஒரு வாரம் போய் இருந்துட்டு வரலாம்னு பாக்கேன். நான் இல்லாட்டி இது சாப்பிடுமா?"

திருமணமாகி 45 ஆண்டுகளில் அத்தை எங்கும் ஒரு வாரம் தங்கியதில்லை.

நேரங்கள் எழுதிய தாளை எடுத்து இணையரிடம் கொடுத்தேன். சாளை அவிக்க அத்தை அவருக்குச் சொல்லித் தந்தார்.