தம்பிக்கு: எந்தப் புத்தகம் வாங்குவது?

திருமழபாடி
பங்குனி மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வெப் டெவலப்மென்ட் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம், திருச்சியில் கடையில் பார்த்த அந்தத் தடிப் புத்தகத்துக்கு அவ்வளவு பணம் போடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய். இந்த வேலையில்தான் என் சோறு என்பதால் தெரிந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன்.

புத்தகமே வேண்டாம், யூடியூப் போதும் என்று ஹாஸ்டல் பையன்கள் சொல்வதைக் கேட்காதே. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வெற்று எடிட்டரைத் திறந்தால் கை ஓடாது. ஒன்றுக்குப் பின் அடுத்தது ஏன் வருகிறது என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வது புத்தகம்தான். பிரவுசர் கேட்டால் சர்வர் எதைத் திருப்பி அனுப்புகிறது, ஃபார்மில் கெட்டுக்கும் போஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம், ஃபங்ஷனுக்குள் இருக்கும் வேரியபிள் வெளியே ஏன் தெரிவதில்லை, இரண்டு டேபிளை எப்படி ஜாயின் செய்வது எல்லாம் இருபது வருஷத்துக்கு முன் எழுதிய புத்தகத்தில் படித்தாலும் இன்றைக்கும் செல்லும்.

சீக்கிரம் செல்லாமல் போவது மற்றதெல்லாம். 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில்தான் நீ எச்.டி.எம்.எல். படித்தாய். நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே டேக், டேபிள், ஃபார்ம், ஜாவாஸ்கிரிப்ட் வரை சொல்லிக் கொடுத்த புத்தகம் அது. அதை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். ஆனால் அதில் நீ மனப்பாடம் செய்த ஃபான்ட் டேக்கும் மார்க்கீ டேக்கும் 2014இல் எச்.டி.எம்.எல். 5 தரநிலை வந்தபோதே வழக்கொழிந்தவை என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. ஆங்கிலப் புத்தகத்துக்கும் இதே கதிதான். ஜான் டக்கெட்டின் எச்.டி.எம்.எல். - சி.எஸ்.எஸ். புத்தகம் 2011இல் வந்தது. இவ்வளவு அழகாக அச்சிட்ட கணினிப் புத்தகம் நான் பார்த்ததில்லை. டேக், பாக்ஸ் மாடல் எல்லாம் அதில் படித்தால் மனதில் நிற்கும். ஆனால் அதில் ஃபிளாஷுக்கும் இடம் உண்டு. ஃபிளாஷை அடோபி 2020 டிசம்பரோடு நிறுத்திவிட்டது. பக்கத்தைப் பத்தி பத்தியாகப் பிரிக்க அது ஃப்ளோட்டைச் சொல்லித் தரும். 2017இல் பெரிய பிரவுசர்களில் சி.எஸ்.எஸ். கிரிட் வந்த பிறகு அந்தப் பாடுபட வேண்டியதில்லை.

கடையில் நின்றபடியே ஒரு புத்தகத்தின் வயதைப் பார்த்துவிடலாம். ஜாவாஸ்கிரிப்ட் புத்தகத்தில் எல்லா இடத்திலும் வார் மட்டும் இருந்து, லெட், கான்ஸ்ட் கண்ணில் படவில்லையென்றால் அது 2015க்கு முந்தைய பாடம். பி.எச்.பி. புத்தகத்தில் ஐ சேராத பழைய மைசீக்வெல் ஃபங்ஷன்கள் இருந்தால் அங்கேயே வைத்துவிடு. அவை 2015 கடைசியில் வந்த பி.எச்.பி. 7இலேயே நீக்கப்பட்டவை. பாஸ்வேர்டை எம்.டி.5இல் சேமிக்கச் சொன்னாலும், ஃபார்மில் வந்ததை அப்படியே குவெரியில் ஒட்டச் சொன்னாலும் அந்தப் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். முதலில் பழகிய கை அப்படியே வேலைக்கும் போகும். அங்கே ஜனங்களின் பணமும் விவரமும் மாட்டிக்கொள்ளும்.

இப்போது நம்மூர்க் கோயில் நந்தி கல்யாணத் திருவிழாவுக்கு நீ செய்து அனுப்பிய வெப் பக்கத்துக்கு வருகிறேன். லேப்டாப்பில் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. அப்பா போனில் திறந்தேன். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் இழுத்து இழுத்து, திருவையாற்றிலிருந்து சாமி புறப்படும் நேரத்தைத் தேடினார். உன் கோடில் வியூபோர்ட் மெட்டா டேக் இல்லை. அது இல்லாவிட்டால் போன் பிரவுசர் பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் சின்ன திரைக்குள் சுருக்கிவிடும். ஒரே ஒரு வரி. போட்டோக்களையும் போனில் எடுத்தபடியே வைத்திருக்கிறாய், ஒவ்வொன்றும் பல எம்.பி. கல்யாணத்தன்று கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்து ஜனமும் கோயிலைச் சுற்றி நிற்கும்போது டவர் என்ன பாடுபடும் என்று உனக்குத் தெரியும். பக்கம் திறப்பதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும்.

இது உன் குறை இல்லை. பாடப்புத்தகப் பயிற்சியில் ஃபைலை உன் கம்ப்யூட்டரிலேயே டபுள் கிளிக் செய்துதான் பார்க்கிறாய். அங்கே நெட் மெதுவாகாது, திரை சுருங்காது, கண் மங்கிய ஆள் பார்க்க வரமாட்டார். புத்தகம் எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அப்பா போனை அவர் பார்த்ததில்லை. வெப் டெவலப்மென்டில் பாதி வேலை அந்தப் போனில்தான் இருக்கிறது.

இன்னொன்று, ஆங்கிலப் புத்தகத்தில் உனக்குக் கிடைப்பது அரிது. பிரவுசர் கன்சோலில் நம்மூர்ப் பெயரை மேற்கோளுக்குள் போட்டு லெங்த் கேட்டுப் பார். ‘திருமழபாடி’ நம் கணக்கில் ஆறு எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட் 10 என்று சொல்லும். கால், கொம்பு, விசிறி எல்லாம் யூனிகோடில் தனித்தனிக் குறி. ஒன்பதோடு வெட்டினால் ‘திருமழபாட’ என்று விசிறி இழந்து நிற்கும். கோயிலின் வெப் பக்கத்தில் நன்கொடையாளர் பெயரை இப்படி வெட்டினால் யார் பொறுப்பார்கள்? ஜாவாஸ்கிரிப்டிலேயே Intl.Segmenter என்று ஒன்று இருக்கிறது, அது எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். தமிழில் பக்கம் செய்கிறவர்கள்தான் இதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும். ஒருநாள் நீயும் எழுதவேண்டும் என்று எனக்கு உள்ளபடியே ஆசை.

கணினிப் பாடங்களைத் தமிழில் ஏற்கெனவே எழுதியவர்கள் இருக்கிறார்கள். கணியம் இதழ் 2012இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. து. நித்யா ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., மைசீக்வெல் எல்லாம் எழுதியிருக்கிறார். மின்னூலாக இலவசமாகவே கிடைக்கும். ஆங்கிலத்தில் திணறும் இடத்தில் முதலில் அதைப் படி, பிறகு ஆங்கிலத்துக்குப் போ. ஜாவாஸ்கிரிப்டுக்கு மரைன் ஹாவர்பெக்கின் எலோக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட். நான்காம் பதிப்பு 2024இல் வந்தது, இணையத்தில் காசில்லாமல் முழுதும் படிக்கலாம். கொஞ்சம் கடினம்தான். அத்தியாய முடிவுகளில் உள்ள பயிற்சிகளைப் பதில் பார்க்காமல் போட்டுப் பார். கோடை காப்பி பேஸ்ட் செய்யாதே, கையால் அடி. ஒரு கமா விட்டுப்போய், சிவப்பில் எர்ரர் வந்து, அதைப் படித்து நீயே திருத்தும்போதுதான் பாடம் உள்ளே இறங்கும்.

அந்தத் தடிப் புத்தகத்தை இப்போது வாங்காதே. அந்தக் காசில் ஒரு டொமைன் வாங்கு, மிச்சம் வேண்டியதை நான் அனுப்புகிறேன். வியூபோர்ட் வரியைப் போட்டு, படங்களைச் சுருக்கி, வெள்ளிக்கிழமைக்குள் லிங்க் அனுப்பு. பக்கத்து வீட்டு அத்தையின் பழைய போனில் திறந்து காட்டச் சொல்கிறேன். சாமி புறப்படும் நேரத்தை முதல் திரையிலேயே வை, அதைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

அன்புடன்,
அக்கா