கொட்டகைக்கு வெளியேயும் கேட்ட குரல்

பாடுகிறவரின் சாரீரத்தை அளப்பதற்கு இப்போது யந்திரங்கள் பல வந்திருக்கின்றன. நம் பாட்டனார் காலத்தில் இருந்த அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். டிக்கெட்டுக்குக் காசில்லாமல் கொட்டகைக்கு வெளியே நிற்கிறவன் காதிலும் பாட்டு விழுகிறதா என்று பார்ப்பார்கள். விழுந்தால் மறுநாளும் நாடகம் உண்டு. விழாவிட்டால் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான். ஒலிபெருக்கி மேடைக்கு வராத அந்த நாட்களில், இந்தப் பொல்லாத பரீட்சையில் தேறியவர்களுள் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளுக்கு நம் மனத்தில் தனி ஸ்தானம் உண்டு.

1908-ஆம் ஆண்டில் காவேரிக் கரையிலுள்ள கொடுமுடியில், வறுமையே சொத்தாக இருந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஸங்கீதப் பரம்பரை கிடையாது. பெரிய வித்வானிடம் குருகுலவாசமும் கிடையாது. ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியை நாடகப் பிரியர் ஒருவர் கண்டெடுத்தார் என்று சொல்வார்கள். அந்தப் பிரியர் யார் என்பதற்கு இரண்டு மூன்று கதைகள் வழங்குகின்றன. பெரிய மனிதர்களைக் கண்டுபிடித்த பெருமைக்குப் பின்னால் எப்போதுமே பலர் பாத்தியதை கொண்டாடுவது வழக்கந்தானே! எப்படியோ, வேலு நாயர் கம்பெனியில் பால வேஷத்தில் நுழைந்த குழந்தை, மேடையையே பள்ளிக்கூடமாக்கிக் கொண்டது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பாடத்திட்டம் மிகவும் கடுமையானது. 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு வகை அப்போது பிரபலமாயிருந்தது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. இரவு முழுவதும் நாடகம் நடக்கும். 'வள்ளி திருமணம்' என்றால், சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பாடம். ஆனால் வேலனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார், எந்த ராகத்துக்குத் தாவுவார் என்று யாருக்கும் தெரியாது. பதில் அந்த க்ஷணமே வந்தாக வேண்டும். வராவிட்டால் ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பிடித்துவிட்டாலோ 'ஒன்ஸ்மோர்' கேட்டுக் கேட்டுத் தொண்டையைப் பதம் பார்த்துவிடுவார்கள்!

1926-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதுச் சுந்தராம்பாள் கொழும்பு நகரில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு எதிரே நின்றார். ஆண்கள் சாதாரணமாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடுவார்கள். கிட்டப்பாவோ நாலு கட்டைக்கும் மேலே அநாயாசமாகச் சஞ்சரித்தவர். அவருடன் பாடி ஒரு பெண் மீள முடியுமா என்று ஐயுற்றவர்கள் உண்டு. மீண்டது மட்டுமல்ல, அதன் பிறகு அந்த ஜோடியின் பெயரைச் சொன்னாலே தமிழ்நாடெங்கும் கொட்டகைகள் நிரம்பின. இசைத்தட்டுகள் புகழைப் பரப்பியது மெய்தான். ஆனால் அந்தப் புகழை முதலில் சம்பாதித்துத் தந்தவை, எழுந்து போய்விடக் கூடிய ஜனங்களுக்கு முன்னால் கழிந்த இரவுகளே.

இதையெல்லாம் நாம் இப்போது நினைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நாம் உபாத்தியாயர் வேலை பார்ப்பது வேப்பனப்பள்ளியில். ஆந்திரமும் கர்நாடகமும் எங்களுக்கு அண்டை வீடு மாதிரி. ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கலந்து ஒலிக்கும். தகப்பன்மார் பலர் விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுவார்கள். இப்படிப்பட்ட வீடொன்றிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அபூர்வமான குரல். சென்ற கோடையில் பக்கத்துக் கிராமத்துப் பாரதக் கூத்தில், கட்டியங்காரன் வருவதற்கு முன்பு அவளைப் பாடச் சொன்னார்கள். பாதிப் பாட்டில் ஒலிபெருக்கி நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. சுருதியை ஒரு படி உயர்த்திக்கொண்டு பாடி முடித்தாள். கடலை விற்கிறவன்கூடக் கூவுவதை நிறுத்திவிட்டான்.

யாரோ அதைக் கைப்பேசியில் பிடித்து ஊரெங்கும் அனுப்பிவிட்டார்கள். விளைவு? பள்ளி திறந்ததும் தாயார் நம்மிடம் வந்து நின்றாள். "கிளாஸிலே பாடட்டும் சார், மேடை மட்டும் வேணாம். நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க என்ன சொல்லுவாங்க?"

அந்த அம்மாளை அறியாதவள் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. மேடையேறிய பெண்ணுக்கு நம் சமூகம் செலுத்திய மரியாதை அவ்வளவு லக்ஷணமானதல்ல. சுந்தராம்பாளின் வாழ்க்கையே அதற்குச் சாட்சி. ஏற்கெனவே விவாகமான கிட்டப்பாவை மணந்தார். மனஸ்தாபம் வந்தது, பிரிவும் வந்தது. 1933-ஆம் ஆண்டு டிசம்பரில் கிட்டப்பா இளவயதிலேயே காலமானார். இருபத்தைந்து வயதில் வெள்ளைப் புடைவை உடுத்தி, இனி எந்த ஆண் நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டு ஒதுங்கிவிட்டார். ஊர் வாய்க்கு அது ஒரு முடிவாகவே பட்டிருக்கும்.

ஆனால் குரல் ஒதுங்கவில்லை. 1935-ஆம் ஆண்டில் வந்த 'நந்தனார்' படத்தில், விரதத்துக்குப் பங்கமின்றி நந்தனாராகவே ஆண் வேஷம் தரித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லக்ஷம் ரூபாய்! சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளுக்கும் வந்தார். 1937-ஆம் ஆண்டுத் தேர்தல் கூட்டங்களில் பிரசங்கத்தைவிட அவர் பாட்டுக்காகவே வந்த ஜனங்கள் அதிகமென்றால், பிரசங்கிகள் நம்மை மன்னிப்பார்களாக. 'ஔவையார்' 1953-இல் வந்தது. பாடிப் பாடி முதிர்ந்த அந்தக் குரலுக்கு வயோதிக வேஷம் எவ்வளவு பொருந்திற்று என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இவற்றை நாம் அந்த அம்மாளிடம் சொன்னோம். கிட்டப்பா கதையையும் மறைக்கவில்லை. மறைத்துச் சொன்னால் அது வியாபாரம். உபாத்தியாயத் தொழில் ஆகாது. வெகு நேரம் யோசித்துவிட்டு, "அந்தம்மா பாட்டிலே குடும்பம் சாப்பிட்டுச்சா சார்?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டது என்றோம்.

கிருஷ்ணகிரியில் நடக்கவிருக்கும் பாட்டுப் போட்டிக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. தாயார் கையெழுத்திட்டிருக்கிறாள், ஒரு நிபந்தனையுடன்: அவளும் கூட வருவாள், மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் உட்காருவாள். அன்றைக்குக் கூலி போகுமே என்றோம். போகட்டும் என்றாள்.