சக்கர நட்டும் ‘வரை’ என்னும் சொல்லும்

ஐதராபாத்திலிருந்து ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்திற்குக் களப்பணிக்குச் செல்லும் எங்கள் ஆய்வுக்குழுவிற்கு, மின்கலத்தில் இயங்கும் இம்பாக்ட் ரெஞ்ச் ஒன்றைத் தேர்ந்து கொள்முதல் குறிப்பு எழுதும் பணி சென்ற பருவத்தில் எனக்கு வந்தது. சக்கர நட்டுக் கழற்றும் கருவியை மொழியியல் படித்தவளிடம் ஏன் ஒப்படைத்தார்கள் என்று துறையில் சிலர் சிரித்தார்கள். நான்கைந்து நாட்கள் விளம்பரங்களை ஊன்றிப் படித்தபின், இது மொழியியலாளர் செய்யவேண்டிய வேலையே என்று எனக்குத் தோன்றிவிட்டது.

தேவை எப்படி எழுந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோராபுட்டில் கதபா என்ற ஒரே இனப்பெயரின்கீழ் இரண்டு மொழிகள் வழங்குகின்றன. குதோப் முண்டா குடும்பத்தைச் சேர்ந்தது. ஒல்லாரி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டையும் பேசுவோர் அடுத்தடுத்த ஊர்களில் இருப்பதால் நாங்கள் நாள்தோறும் மலைச்சாலையில் இருக்கிறோம். கடந்த மழைக்காலத்தில் ஒரு மாலை, ஓட்டுநர் விடுப்பில் இருந்தபோது, பின்சக்கரம் காற்றிழந்தது. வண்டியில் நாங்கள் மூன்று பெண்கள். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு டயர்க்கடையில் காற்றழுத்தத் துப்பாக்கியால் நட்டுகளை இறுக்கிக் கொடுத்திருந்தார்கள், ஒன்றுகூட அசையவில்லை. கைப்பேசியில் அலைவரிசை இல்லை. இரண்டரை மணி நேரத்திற்குப்பின் வந்த ஒரு லாரிக்காரர் நீண்ட இரும்புக்குழாயை ஸ்பேனரில் செருகிக் கழற்றித் தந்தார். எங்களுக்காக ஒரு கதையைச் சொல்வதற்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்து காத்திருந்த மூதாட்டி அதற்குள் திரும்பிவிட்டார். அந்தப் பதிவு இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்று நட்டு ஏன் அசையவில்லை என்பது எளிய கணக்கு. வண்டியோடு வரும் ஸ்பேனரின் கைப்பிடி சுமார் 25 சென்டிமீட்டர். 50 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் நுனியில் ஏறி நின்றாலும் கிடைப்பது ஏறத்தாழ 122 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. சிறு கார்களின் நட்டுகளைப் பெரும்பாலும் 85 முதல் 110 வரையில் இறுக்கச் சொல்கிறார்கள். முறையாக இறுக்கிய நட்டு அந்த எடைக்கு இணங்கும். துப்பாக்கியால் இருமடங்கு இறுக்கி, அதன்மேல் ஒரு மழைக்காலத்துத் துருவும் ஏறிய நட்டு இணங்காது. லாரிக்காரரின் குழாய் கைப்பிடியை நீட்டியது, அவ்வளவுதான்: அதே எடை 60 சென்டிமீட்டரில் நின்றால் 294 நியூட்டன் மீட்டர்.

இம்பாக்ட் ரெஞ்ச் வேறு வழியில் இதைச் சாதிக்கிறது. உள்ளே மோட்டார் ஒரு சுத்தியலைச் சுழற்றுகிறது. நட்டு எதிர்க்கும்போது சுத்தியல் வில்லுக்கு எதிராகப் பின்வாங்கி, நழுவி, மீண்டும் முன்பாய்ந்து பட்டறைக்கல் போன்ற எதிர்த்துண்டை அறைகிறது. இது நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை நிகழ்கிறது. ஒவ்வோர் அடியும் மிகக் குறுகிய நேரமே நீடிப்பதால் எதிர்விசை பிடித்திருப்பவரின் மணிக்கட்டை முறுக்குவதில்லை. உடல் எடையைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும் கருவி இது. எங்கள் குழுவிற்கு அது சிறிய செய்தி அன்று.

இனி விளம்பரங்கள். பெயர்பெற்ற நிறுவனங்கள் இரண்டு எண்களைத் தருகின்றன. போஷ் நிறுவனத்தின் ஜிடிஎஸ் 18வி-400 என்ற கருவிக்கு இறுக்கும் முறுக்குவிசை 400, கழற்றும் முறுக்குவிசை 600. மக்கீட்டாவின் டிடிடபிள்யூ300க்கு 330, 580. இரண்டாம் எண் எப்போதும் பெரியது. அட்டையில் பெரிய எழுத்தில் நிற்பதும் பெரும்பாலும் அதுவே. ஒரு நிறுவனத்தின் முதல் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் இரண்டாம் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டால் கணக்கே தலைகீழாகும். இருப்பினும் இங்கே இரண்டும் வெளிப்படையாகவே உள்ளன. பெயரறியா மலிவுக் கருவிகளில் ‘700 வரை’ என்று மட்டும் இருக்கும். இந்த ‘வரை’ மேல்வரம்பை மட்டுமே உரைக்கிறது. கீழே எதையும் உறுதி செய்வதில்லை. ‘நாற்பது பேர் வரை வரலாம்’ என்று அறிவித்த கருத்தரங்கிற்கு மூவர் வந்தாலும் அறிவிப்பு பொய்யாகாது. ஆனால் கேட்பவர் மனத்தில் நாற்பதுதான் பதிகிறது.

இதைவிட நுட்பமானது மின்னழுத்தம். 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் என்றும் விற்கப்படுபவை பெரும்பாலும் ஒரே அமைப்பு: தொடரிணைப்பில் ஐந்து லித்தியம் அயனிக் கலங்கள். ஒன்றுக்கு 3.6 வீதம் எண்ணினால் 18. முழுதாக ஏற்றிய நிலையில் எண்ணினால் 20க்குச் சற்று மேல். அதுவாவது எண்ணும் முறையில் உள்ள வேறுபாடு. இணையச் சந்தையில் ‘48விஎஃப்’, ‘88விஎஃப்’ என்று பொறித்த கருவிகள் உண்டு. ‘வி’யைப் பார்த்ததும் நாம் வோல்ட் என்று வாசிக்கிறோம், பின்னொட்டாக வரும் ‘எஃப்’ அது வோல்ட் அன்று என்று விற்பவருக்கு மட்டும் சாட்சி சொல்கிறது. பால் கிரைஸ் 1975இல் வெளியான கட்டுரையில் சொல்லப்பட்டதையும் குறிப்பாலுணர்த்தப்பட்டதையும் பிரித்துக் காட்டினார். பேசுபவர் ஒத்துழைக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் கேட்பவர் குறிப்பைப் பெறுகிறார் என்பது அவருடைய அடிப்படை. அந்த நம்பிக்கையையே முதலாக வைத்து நடக்கும் வணிகம் இது. வகுப்பில் இனி இந்த அட்டையைத்தான் எடுத்துக்காட்டாகக் கொண்டுபோவேன்.

நமது கல்வி நிறுவனங்களில் நிபந்தனைகளை நிறைவு செய்பவர்களுள் குறைந்த விலை சொன்னவருக்கே ஆணை போகும். ஆகவே ‘கார் சக்கரத்திற்கான கம்பியில்லா ரெஞ்ச், உயர்ந்த முறுக்குவிசை’ என்று எழுதியிருந்தால் 88விஎஃப் முறைப்படி வென்றிருக்கும்; மலைச்சாலையில் நாங்கள் மீண்டும் லாரிக்குக் காத்திருப்போம். நான் எழுதியது: அரை அங்குலச் சதுர முனை, தயாரிப்பாளரின் அச்சிட்ட கையேட்டில் கண்டவாறு இறுக்கும் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமை, பெயரளவு மின்னழுத்தம் 18, மின்கலம் 4 ஆம்பியர் மணிக்குக் குறையாமை, ஊரில் பழுதுநீக்கும் நிலையம். ‘வரை’ வந்த இடத்திலெல்லாம் ‘குறையாமை’யை வைத்தேன். அந்த ஒரு மாற்றத்திலேயே வந்த விலைப்புள்ளிகளில் பாதி உதிர்ந்தன.

எங்கள் ஓட்டுநர் மட்டும் இறுதிவரை உடன்படவில்லை. நீண்ட கம்பிக்குச் சார்ஜ் தேவையில்லை என்பது அவர் வாதம். மறுக்க முடியாத வாதம்; 60 சென்டிமீட்டர் கைப்பிடிக் கம்பி ஒன்றையும் பட்டியலில் சேர்த்தேன். வேறொன்றிலும் அவர் சொல்லே நின்றது: இக்கருவி கழற்றுவதற்கு மட்டும். மாட்டும்போது நட்டை விரலால் தொடங்கி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, டார்க் ரெஞ்சால் முடிக்கவேண்டும். இல்லையெனில் நாங்களும் அந்த டயர்க்கடையாகிவிடுவோம். சாக்கெட்டும் கைக்கருவிக்கான பளபளப்பான வகையாக இருக்கலாகாது; அடிதாங்காமல் வெடித்துச் சிதறக்கூடும். கரிய நிறத்துக் குரோம்-மாலிப்டினம் வகை வேண்டும்.

அதை வாங்கப்போன கடையில் சாக்கெட் என்றால் ‘கோட்டி’, ஸ்பேனர் என்றால் ‘பானா’. மாற்றுச் சக்கரம் மட்டும் தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாவற்றிலும் ஸ்டெப்னிதான். கார்கள் மாற்றுச் சக்கரமின்றி ஓடிய காலத்தில், 1904இல், வேல்ஸ் நாட்டு லனெத்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. ஆங்கிலேயர் மறந்த சொல்லை நாமும், ‘எஸ்தெப்பி’ என்று பிரேசில்காரர்களும் இன்னும் உருட்டிக்கொண்டிருக்கிறோம்.

கருவி வந்து மூன்று வாரமாகிறது. துறை வளாகத்தில் நிறுத்திப் பார்த்ததில், குழுவில் எடை குறைந்தவரே ஒரு சக்கரத்தின் நட்டுகளை ஒரு நிமிடத்திற்குள் கழற்றினார். கோடையில் மூடிய வண்டிக்குள் மின்கலத்தை விட்டுவைக்கலாகாது என்பதால் அது துறை அலமாரியில் இருக்கும். பயணத்திற்கு முந்தைய நாள் முழுதாக ஏற்றி, பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லவேண்டும். இம்மாத முறை என்னுடையது.