பலாப் பருவத்தில் பேரப்பிள்ளைகள்!

சிங்கப்பூரில் ஜூன் மாதம் பள்ளிக்கூடங்களுக்கு நான்கு வாரம் விடுமுறை. பண்ருட்டிப் பக்கத்தில் அதுதான் பலாப்பழக் காலம். அதனால் மகள் குடும்பம் வந்து இறங்கினால், திருவதிகையில் எங்கள் வீடு பலாச்சுளை வாசனையும் பிள்ளைகள் கும்மாளமுமாக இருக்கும். பேரனுக்குப் பத்து வயது, பேத்திக்கு ஏழு.

"அவ்வளவு பெரிய ஊர்ல வளர்ற பிள்ளைங்க. இங்கே வந்து என்னம்மா பண்ணும்? பொழுது போகுமா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். போன விடுமுறையில் எங்களுக்குப் பொழுது போதவில்லை என்பதுதான் உண்மை.

வந்த இரண்டாம் நாளே பேரன், "பாட்டி, அம்மா வளர்ந்த வீட்டைப் பார்க்கணும்" என்று ஆரம்பித்துவிட்டான். அவள் வளர்ந்தது திருவதிகையில் அல்ல, நெய்வேலி டவுன்ஷிப்பில். என் கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதுதானே? அதன் பிறகுதான் இங்கே வந்தோம். ஒரு வண்டி பிடித்துக்கொண்டு எல்லோருமாகக் கிளம்பினோம். பணிக்கன்குப்பம் பக்கம் சாலையோரம் பலாப்பழங்கள் குன்று குன்றாகக் குவிந்து கிடந்தன. பிளாஸ்டிக் டப்பாவில் எண்ணி அடைத்த சுளைகளையே பார்த்துப் பழகிய பிள்ளைகள் வாயைப் பிளந்தன. திரும்பி வரும்போது ஒன்று வாங்குவதாகப் பேச்சு.

வழியெல்லாம் தாத்தாவின் கதைதான். 1935-ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது, 1956-ல் கம்பெனி ஏற்பட்டது, 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தது, 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது, மறு வருஷமே சோவியத் உதவியோடு மின்சாரம் வந்தது... கரிக்கு அடியில் ஊற்றுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, அதை இராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கம் முழுகாமல் இருக்கும் என்றதும் பேரனுக்கு ஒரே ஆச்சரியம்.

"அதுக்கு முன்னாடி இங்கே என்ன இருந்துச்சு தாத்தா?"

"கிராமங்கள் இருந்துச்சுப்பா. எல்லாரும் காலி பண்ணிட்டு வேற இடம் போனாங்க."

"அப்போ அவங்க வீடு?"

தாத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் பழைய குவார்ட்டர்ஸில் இப்போது வேறு குடும்பம். அந்தப் பெண் நல்ல மாதிரி. "உள்ளே வாங்கம்மா, காபி சாப்பிட்டுப் போகலாம்" என்று மனசாரக் கூப்பிட்டாள். என் மகள்தான் கேட்டைத் தாண்டவில்லை. "வேப்பமரம் எவ்வளவு பெரிசாயிடுச்சும்மா!" என்று மட்டும் சொன்னாள். "இது நம்ம வீடு இல்லையா?" என்று பேத்தி கேட்டதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. 1962-ல் ஓட ஆரம்பித்த முதல் அனல்மின் நிலையமே 2020-ல் மூடப்பட்டுவிட்டது. குவார்ட்டர்ஸ் எம்மாத்திரம்!

சொன்னபடியே பழம் வாங்கி வந்தோம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நான் சுளை எடுக்க எடுக்க, பேரன் பக்கத்திலேயே உட்கார்ந்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். ராத்திரி பத்து மணிக்கு, "பாட்டி, எனக்கு வயிறு மிகவும் வலிக்கிறது" என்றான். சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி. பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். அதனால் வலியும் புத்தகத் தமிழிலேயே வருகிறது! ஓமத்தைக் கொதிக்க வைத்து, ஆற்றி, வடிகட்டிக் கொடுத்தேன். விடிவதற்குள் சரியாகிவிட்டது. வாந்தி, பேதி, ஜுரம் என்று இருந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடத்தான் வேண்டும். வெறும் வயிற்றில் பலாப்பழம் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு நாலு சுளை போதும். சர்க்கரை வியாதிக்காரர்கள் கொட்டையைக் குழம்பில் போட்டாலும் அளவோடு சாப்பிடுங்கள்.

திருவதிகையில் வயிற்றுவலி வந்தால் அப்பர் கதையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? இரண்டு நாள் கழித்துப் பிள்ளைகளை வீரட்டானேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அட்ட வீரட்டத் தலங்கள் எட்டில் இது ஒன்று, முப்புரம் எரித்த இடம். மூலவர் பதினாறு பட்டை லிங்கம். கோபுர வாசலில் நாட்டியக் கரணச் சிற்பங்களைக் கண்டதும் பேத்தி அங்கேயே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாள்.

எனக்கு எப்போதும் கண் நிலைப்பது திலகவதியார் மேல்தான். அப்பா, அம்மா போனார்கள். நிச்சயித்திருந்த கலிப்பகையாரும் போரில் மாண்டார். தானும் உயிரை விடத் துணிந்தவள், "அக்கா, நீயும் போனால் நான் இருக்க மாட்டேன்" என்று தம்பி அழுததால் இருந்தாள். அந்தத் தம்பியும் சமணத்தில் சேர்ந்து தூரப் போய்விட்டான். அக்கா திருவதிகைக்கு வந்து, கோயிலில் அலகிட்டு, மெழுகி, பூத்தொடுத்துக்கொண்டு கிடந்தாள். சூலை நோய் தாங்காமல் அவன் ஆள் அனுப்பியபோது, "அங்கே நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். இரவோடு இரவாக அவனே வந்து காலில் விழுந்தான். திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனாள். வலி தீரப் பாடியதுதான் அப்பரின் முதல் பதிகம்.

"அக்கா அங்கேயே இருந்ததாலதான் அவருக்கு வர ஒரு இடம் இருந்துச்சு, இல்லே பாட்டி?" என்றான் பேரன். பக்கத்தில் நின்ற என் மகள் ஒன்றும் பேசவில்லை.

கெடிலக் கரையில் சுந்தரர் கதையும் ஆயிற்று. அப்பர் கையால் தொண்டு செய்த ஊரை மிதிக்கக் கூசி, அவர் வெளியே சித்தவடமடத்தில் படுத்தாராம். சிவபெருமான் ஒரு கிழவராக வந்து அவர் தலைமேல் காலை வைத்தாராம். அன்றிரவு பேரன் தங்கை தலைமேல் காலைப் போட்டுவிட்டு, "நான் கிழவன்!" என்றதில் வீடே ரெண்டுபட்டது.

ஒவ்வொரு தடவையும் ஊருக்குப் போகுமுன், "இந்த வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடுங்கம்மா" என்பாள் மகள். இந்தத் தடவை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாடியில் பிள்ளைகளுக்கு ஓர் அறை போட்டால் எவ்வளவு ஆகும் என்று அப்பாவிடம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறாள். கொத்தனாரும் வந்து அளந்து பார்த்தார். அவர் சொல்கிற கணக்கைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது!