கயிற்றின் மறுமுனை

நுழையும்முன்

உயரமும் ஆழமும் எதிரெதிர்த் திசைகள். ஆயினும், மலைமுகட்டை நோக்கி ஏறுபவரும் கடலடியை நோக்கி இறங்குபவரும் ஒரு கயிற்றை நம்பியே செல்கின்றனர். அக்கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர்களை நினைவுகூர்கிறது இக்கட்டுரை.

கடல்மட்டம் என்னும் தொடக்கம்

மலைகளின் உயரம் கடல்மட்டத்திலிருந்தே அளக்கப்படுகிறது. அவ்வகையில், தூத்துக்குடிக் கடற்கரையில் நிற்பவர் ஏறத்தாழச் சுழிய உயரத்தில் நிற்கிறார். அம்மட்டத்திலிருந்து 8848.86 மீட்டர் உயர்ந்து நிற்பது எவரெஸ்ட் முகடு. அதே மட்டத்திலிருந்து 15 முதல் 20 மீட்டர் தாழ்ந்து கிடப்பவை மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள். எண்களை மட்டும் பார்த்தால் இரண்டிற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

மனித உடலோ வேறொரு கணக்கை வைத்திருக்கிறது. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தத்தை ஒரு பங்கு எனக் கொண்டால், எவரெஸ்ட் முகட்டில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. கடலுக்குள் 10 மீட்டருக்கு ஒரு பங்கு வீதம் அழுத்தம் கூடி, 20 மீட்டர் ஆழத்தில் மூன்று பங்காகிறது. முகட்டில் நிற்பவர் ஒருமுறை மூச்சிழுத்தால், கடற்கரையில் கிடைக்கும் உயிர்வளியில் மூன்றில் ஒரு பங்கே கிடைக்கும். கடலடியில் நிற்பவருக்கோ, நுரையீரலில் நிரப்பிச் சென்ற காற்றே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். உடலைப் பொறுத்தவரை இரண்டும் உயிரின் எல்லைகளே.

முத்துக் குளித்தல்

முத்துக்குளிப்புக் காலத்தில் தூத்துக்குடித் தோணிகள் நள்ளிரவுக்குப்பின் வீசும் கரைக்காற்றில் பாய்விரித்துப் புறப்படும். பொழுது புலர்ந்ததும் குளிப்பு தொடங்கும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லின்மீது கால் பதித்து, மூக்கை விரல்களால் அழுத்திக்கொள்வார். கல்லின் கயிறு தளர்த்தப்பட்டதும் அவர் நேராகக் கடலடிக்கு இறங்குவார். தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்ள, குளிப்பவர் பாரில் படிந்திருக்கும் சிப்பிகளை அள்ளிக் கூடையில் நிரப்புவார். ஒரு நிமிடம் அல்லது அதற்குச் சற்று மேல். அவ்வளவே அவருக்குரிய காலம். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒருமுறை சுண்டுவார். மேலிருப்பவர் உடனே இழுத்தாக வேண்டும்.

அந்த ஒருமுறைச் சுண்டலைக் கவனிக்கத் தவறினால் கீழிருப்பவர் திரும்பமாட்டார். எனவே, கயிறு பிடிப்பவரைத் தேர்ந்தெடுப்பதில் குளிப்பவர் மிகுந்த கவனம் கொண்டார். மனைவியின் உடன்பிறந்தானையே அப்பணியில் அமர்த்துவது வழக்கம் என முத்துக்குளித்துறையில் சொல்லப்பட்டு வருகிறது. தன் உடன்பிறந்தாளின் தாலிக்குத் தானே காவல் என்பதை அவன் ஒருபோதும் மறக்கமாட்டான் என்பதே அதற்குக் காரணம்.

மச்சான் தயவு

'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்பது தமிழ்ப் பழமொழி. செங்குத்தான பாறைச்சரிவில் கயிறு கட்டி இறங்கித் தேனெடுப்போரும் மைத்துனனையே கயிற்றுக்குக் காவல் வைப்பர் என்று இதற்கு விளக்கம் கூறுவர். கடலை ஒருநாளும் காணாத மலைவாழ் மக்களும் மலையேறி அறியாத கடற்கரை மக்களும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர். கயிறு எவ்வளவு வலிமையானது என்பதைவிட, அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதே அவர்களுக்கு முதன்மையாக இருந்தது.

இமயத்தில் கட்டிய கயிறு

1953ஆம் ஆண்டு எவரெஸ்ட்டில் ஏறிய குழுவினரும் இதனை உணர்ந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் கும்பு பனியருவிப் பகுதியில் எட்மண்ட் ஹில்லரி பனிப்பிளவு ஒன்றைத் தாண்டியபோது காலடிப் பனி உடைந்தது. அவர் பிளவுக்குள் விழுந்தார். அவரோடு ஒரே கயிற்றில் பிணைந்திருந்த டென்சிங் நார்கே பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்து அவரைக் காத்தார். மே 29ஆம் நாள் முற்பகல் 11.30 மணியளவில் இருவரும் முகட்டை அடைந்தனர். முதலில் கால் வைத்தவர் யார் என உலகம் ஓயாது வினவியது. ஹில்லரியே சில அடிகள் முன்னால் சென்றார் எனப் பின்னாளில் எழுதிய டென்சிங், ஒரே கயிற்றில் பிணைந்து ஏறுவோரிடையே அவ்வினாவுக்குப் பொருளில்லை என்றே கருதினார்.

இன்று எவரெஸ்ட் ஏறுவோர்க்கு ஒவ்வோர் ஆண்டும் ஷெர்பாக்கள் முன்னே சென்று பனிப்பிளவுகளின்மீது ஏணிகளை அமைக்கின்றனர். முகடுவரை கயிறுகளைப் பொருத்துகின்றனர். 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் ஏற்பட்ட பனிச்சரிவில் நேபாளத் தொழிலாளர் 16 பேர் உயிரிழந்தனர். பிறர் ஏறுவதற்கான பொருள்களைச் சுமந்து சென்றோரும் அவர்களுள் இருந்தனர். அரசு உடனடி உதவியாக அறிவித்த தொகை குடும்பம் ஒன்றுக்கு 40,000 நேபாள ரூபாய். அதை ஏற்க மறுத்து ஷெர்பாக்கள் குரலெழுப்பினர். அவ்வாண்டு நேபாளப் பக்கத்தில் மலையேற்றம் ஏறக்குறைய முற்றிலும் நின்றுபோயிற்று. கயிறு பிடிப்போர் கையை விலக்கிக்கொண்டால் முகடு எவருக்கும் எட்டாது என்பதை உலகம் அன்று கண்டது.

தெரிந்து தெளிவோம்

தூத்துக்குடியின் அண்டை மாவட்டமான விருதுநகரைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதத்தில் எவரெஸ்ட் முகட்டை அடைந்தார். தமிழ்நாட்டிலிருந்து அம்முகட்டை எட்டிய முதல் பெண் இவரே.

பெயரும் பங்கும்

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் தூத்துக்குடியில் எடுக்கப்பட்ட சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குச் சென்றது. எஞ்சிய ஒரு பங்கையே கடலில் மூழ்கியவரும் கயிறு பிடித்தவரும் தோணியினரும் பகிர்ந்துகொண்டனர். முத்தை அணிந்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் உண்டு. விற்ற வணிகர்களின் பெயர்களும் சில கிடைக்கின்றன. கயிறு பிடித்தவரின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது.

தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. சங்கு குளித்தல் இன்றும் தொடர்கிறது. கல்லுக்கும் கயிற்றுக்கும் மாறாகப் படகிலுள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து நீண்ட குழாய் வழியே மூச்சுக்காற்று கீழே செல்கிறது. ஒரு நிமிடத்தில் மேலேறியவர்கள் இப்போது நெடுநேரம் கடலடியில் இருக்கின்றனர். விரைந்து மேலேறினால் குருதியில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகி உடலை முடக்கும் இடரும் சேர்ந்திருக்கிறது. பொறி நிற்காமலும் குழாய் மடங்காமலும் பார்த்துக்கொள்ள ஒருவர் படகிலேயே அமர்ந்திருக்கிறார். அவர் சங்கு எடுப்பதில்லை, கடலில் இறங்குவதுமில்லை. கீழிருப்பவர் மேலே வந்து படகின் விளிம்பைப் பற்றும்வரை அவருடைய கண் அக்குழாயைவிட்டு அகலுவதுமில்லை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் பிறருடைய வெற்றிக்குப் பின்னால் நின்று உழைப்பவர் ஒருவரைச் சந்தித்து, அவருடைய ஒருநாள் பணியை ஒரு பக்க அளவில் எழுதுக.
2. மலை, கடல் தொடர்பான பழமொழிகளைத் திரட்டி, அவை தோன்றிய வாழ்க்கைச் சூழலை வகுப்பறையில் கலந்துரையாடுக.