ஐந்நூறு ரூபாயில் ஒரு பட்டினம்

தஞ்சாவூர்க்காரனுக்கு மேற்கே பார்த்துத்தான் பழக்கம். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, கல்லணையை எப்போது திறக்கிறார்கள் என்பதுதான் அவனுடைய கவலை. வாய்க்கால் வந்து வயலில் பாய்ந்துவிட்டால் காவேரியின் கதை அவனைப் பொறுத்த மட்டில் முடிந்துவிட்டது. மிச்சத் தண்ணீர் கிழக்கே போய் என்ன ஆகிறது என்று அவன் விசாரிப்பதில்லை. கடல் என்பது ஆடி அமாவாசை ஸ்நானத்துக்கும் அஸ்தி கரைப்பதற்கும் ஏற்பட்ட ஒரு வஸ்து. ஐப்பசி, கார்த்திகையில் அங்கிருந்து புயல் வேறு வரும். இரண்டு மணி நேரப் பிரயாணத்தில் ஒரு சமுத்திரத்தை வைத்துக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் நாங்கள்.

எனக்குக் கிழக்கே திரும்பிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு சிநேகிதர். அவர் மத்தியதரைக் கடல் ஓரமாகச் சுற்றிவிட்டு வந்திருந்தார். மார்சேல், ஜெனோவா, நேப்பிள்ஸ் என்று ஒவ்வொரு துறைமுகமாக வர்ணித்தார்.

"துறைமுகப் பட்டினத்தைப் பணத்தோடு பார்க்கவே கூடாது ஸார்" என்றார். "பெரிய ஓட்டலில் இறங்கினால் ஜன்னல் வழியாகக் கடல் தெரியும், ஊர் தெரியாது. ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, கையில் ஒரு ரொட்டி, காலில் நல்ல செருப்பு. இவ்வளவுதான் வேண்டும். நீங்களும் ஒரு தடவை போய்விட்டு வாங்க. ரொம்ப மலிவு."

"விமான டிக்கெட்?" என்று கேட்டேன்.

"அது ஒன்றுதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் கேட்கக்கூடிய தொகை அல்ல அது. ஆனால் அவர் சொன்ன யோசனை மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. மத்தியதரைக் கடலோரத்து அலெக்ஸாந்திரியாவில் இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்று ஒரு பூகோள சாஸ்திரி இருந்தார். சோழ மண்டலக் கரையில் 'நிகாமா' என்று ஒரு பட்டினம் இருப்பதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். அது நாகப்பட்டினந்தான் என்று ஆராய்ச்சிக்காரர்களில் பலர் சொல்கிறார்கள். அவர் இந்தப் பக்கம் வந்தவரல்லர். மாலுமிகளும் வியாபாரிகளும் சொன்னதைக் கேட்டு, இருந்த இடத்திலிருந்தே எழுதியவர். அவர் ஊருக்கு நான் போக முடியாவிட்டால் என்ன? அவர் எழுதிய ஊருக்குப் போகலாமே! 500 ரூபாயைப் பையில் போட்டுக்கொண்டு, அதற்குள் இரண்டு நாளை ஓட்டுவது என்று தீர்மானித்து, தஞ்சாவூர் ஜங்ஷனில் ரயிலேறினேன்.

இந்தப் பாதை பழைய பாதை. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், மறு வருஷம் திருச்சிக்கும் ரயில் விட்டார்கள். கடற்கரையில் தொடங்கி உள்நாட்டுக்குள் போன தண்டவாளம் அது. கப்பலுக்குச் சரக்கும் ஆளும் கொண்டுவந்து கொட்டுவதற்காகப் போட்டது. சாலியமங்கலம், நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர் என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. இரண்டு பக்கமும் நெல். மேடு பள்ளம் இல்லாத பூமி. தொலைவில் ஒரு கோபுரம் தெரிந்தால் அங்கே ஒரு ஊர் என்று அர்த்தம்.

திருவாரூர் தாண்டிக் கீழ்வேளூர் வரும்போது நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நினைப்பதற்கு இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஆனைமங்கலம். கடல் கடந்த ஸ்ரீவிஜயத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விஹாரம் என்று ஒரு புத்தப் பள்ளி கட்டினார். ராஜராஜ சோழன், தன் ஆட்சியின் 21-ஆம் ஆண்டில், அதாவது 1006-ஆம் ஆண்டை ஒட்டி, இந்த ஆனைமங்கலத்து வருமானத்தை அதற்கு எழுதிவைத்தான். ஏறக்குறைய 8,900 கலம் நெல். சிவபாதசேகரன் என்று பட்டம் வைத்துக்கொண்ட ராஜா, வேற்று மதத்துக்காரன் கட்டிய கோயிலுக்கு, வேற்று நாட்டிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் வழிபடும் இடத்துக்கு, தன் வயலின் நெல்லைக் கொடுத்தான். அந்தச் சாஸனத்தைச் செப்பேட்டில் வெட்டினார்கள். பிற்காலத்தில் அது ஹாலந்துக்குப் போய் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது.

இன்னொன்று, கீழவெண்மணி. அதுவும் இதே கீழ்வேளூர்ப் பக்கந்தான். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளிகளின் சேரியில், 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, ஒரு குடிசைக்குள் ஒதுங்கியிருந்த 44 பேர் தீயில் மாண்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

இரண்டு ஊருக்கும் பாய்வது அதே காவேரித் தண்ணீர். விளைவது அதே நெல். முன்பின் தெரியாதவனுக்கு ஆயிரக்கணக்கான கலம் அளந்து கொடுத்த மண், தன்னில் நாற்று நட்டவளுக்கு ஒரு படி கூட்டி அளக்கவில்லை. இதற்கு என்ன சமாதானம் சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை. சிக்கல் ஸ்டேஷன் வந்தது. உப்புக் காற்றும் வந்தது.

நாகப்பட்டினத்தில் பணம் இல்லாமல் பார்க்கக்கூடியவை நிறைய உண்டு. நீலாயதாக்ஷி சந்நிதிக்கும் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கும் டிக்கெட்டா வாங்கவேண்டும்? போர்ச்சுகீசியர் இருந்து, 1658-ல் டச்சுக்காரர் பிடித்து, 1690-ல் சோழ மண்டலக் கரைக்கே தங்கள் தலைமை ஸ்தலமாக ஆக்கிக்கொண்டு, 1781-ல் இங்கிலீஷ்காரரிடம் தோற்ற ஊர் இது. டச்சுக்காரர்களின் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. சூடாமணி விஹாரந்தான் இல்லை. கடைசியாக நின்ற ஒரு செங்கல் கோபுரத்தையும் 1867-ல் இடித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்து மண்ணிலிருந்து 1856 முதல் கிடைத்த புத்த விக்கிரகங்கள் சுமார் 350. அவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் மியூசியத்தில் காணலாம்.

கடற்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். துறைமுகம் என்றதும் நாம் நினைக்கிற மாதிரி கப்பல் வந்து சுவர் ஓரமாக நிற்கிற இடமாக இது வெகுகாலம் இருக்கவில்லை. கப்பல் வெளியே கடலில் நங்கூரம் பாய்ச்சியது. ஆளும் சரக்கும் படகில் போகவேண்டியிருந்தது. கடுவையாறு கடலில் விழுகிற இடத்தில் மீன்பிடி விசைப்படகுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் இந்தக் கரைக்கு வந்த அலையில், இந்த ஜில்லாவில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் அதைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. அவரே, "எங்கேருந்து வர்றீங்க?" என்று விசாரித்தார். தஞ்சாவூர் என்றேன். "சாப்டீங்களா?" என்பது அடுத்த கேள்வி. வெயிலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அவருக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவரான அதிபத்தர் இந்தக் கரையில், நுளைப்பாடியில், வலை வீசியவர். பிடித்த மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் விரதம். பல நாள் ஒற்றை மீனே அகப்பட்டு, குடும்பம் பட்டினி கிடந்தபோதும் விட்டார். கடைசியில் அகப்பட்ட ஒன்று பொன் மீனாக இருந்தபோதும் விட்டார். வயல்காட்டு பக்தர்களின் கதைகளில் அளந்து கொடுப்பது வரும். கைக்கு வந்ததைத் திரும்பவும் கடலில் விட்டுவிடுகிற கதை கடற்கரையில்தான் பிறக்கும்.

சாயங்காலம் பஸ் ஏறி நாகூர் போனேன். ராத்தங்கலுக்குப் பணம் கொடுக்காமல் படுக்க அங்கே இடம் உண்டு. ஷாஹுல் ஹமீது ஆண்டவர் தர்காவில் ஐந்து மினாராக்கள். எல்லாவற்றிலும் உயரமான 131 அடி மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாபசிம்மர். உள்ளே தாழ்வாரத்தில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் படுத்திருந்தார்கள். நெற்றியில் விபூதியோடு ஒரு கிழவர், வியாதிக்காரப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தாயார், எங்கிருந்தோ வந்த மொழி தெரியாத நாலு பேர். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

படுப்பதற்கு முன்னால் வெளியே ஒரு டீக்கடையில் வாடா தின்று டீ குடித்தேன். கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கப்பலைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"சிதம்பரம் கப்பல்லே போயிருக்கேன் தம்பி. வாப்பாகூட, பினாங்குக்கு. டெக் டிக்கெட். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஊறுகாய்ச் சாடி. படகிலேருந்து கப்பல்லே ஏறும்போது உசிரு போய் உசிரு வரும்."

"கையில் எவ்வளவு பணம் இருந்தது, பாய்?"

அவர் சிரித்தார். "டிக்கெட் வாங்கின பிற்பாடு ஏது பணம்? பணம் இருந்தா ஏன் கப்பல் ஏறணும்? எஜமான் பேரைச் சொல்லிட்டு ஏறினோம்."

அவருக்கு முந்தியவர்கள் ராஜூலாவில் போனார்கள். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. டெக்கில் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி பெற்ற கப்பல். அதற்கும் முந்தி மலாய்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நாகப்பட்டினத்து முகாமில் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். 1938-ல் இந்திய சர்க்கார் தடுக்கும் வரையில் அது நடந்தது. அவர்களில் கணிசமான பேர் ரயில் ஜன்னலில் நான் பார்த்த இதே வயல்களிலிருந்து வந்தவர்கள். ராஜூலாவுக்குப் பிறகு ஓடிய சிதம்பரம், 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது. பலர் இறந்தார்கள். அதோடு அந்தப் போக்குவரத்தும் ஓய்ந்தது. 2023 அக்டோபர் 14-ஆம் தேதி காங்கேசன்துறைக்கு ஒரு பிரயாணிக் கப்பல் இங்கிருந்து மறுபடி புறப்பட்டபோது, கரையில் நின்று பார்த்ததாகக் கடைக்காரர் சொன்னார். "சின்னக் கப்பல்தான்; இருந்தாலும் கப்பல்தானே?" என்றார்.

டீக்குக் காசு கொடுத்தேன். ஒரு டீக்குத்தான் வாங்கிக்கொண்டார், குடித்தது இரண்டு.

அந்த ராத்திரி தாழ்வாரத்தில் படுத்தபடி ஒரு கணக்குப் போட்டேன். பட்டினத்துக்கு இரண்டு வாசல். கடலிலிருந்து வந்து இறங்குகிறவனுக்கு ஒன்று. நிலத்தில் இடம் கிடைக்காமல் புறப்படுகிறவனுக்கு ஒன்று. இரண்டு வாசலிலும் வந்து நிற்கிறவன் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் நிற்கிறான். அவனுக்குப் படுக்க ஒரு திண்ணையும், சாப்டீங்களா என்ற ஒரு வார்த்தையும் இருந்தால் அது பட்டினம். விஹாரமும் தர்காவும் எழும்பியது அதற்காகத்தான். வயல்காட்டில் நிலம் யாருடையது என்று கேட்டபிறகுதான் மனுஷன் யார் என்று கேட்பார்கள். கடற்கரையில் அந்த முதல் கேள்விக்கு இடமில்லை; கடலுக்குப் பட்டா கிடையாது.

இங்கிருந்து போனவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. சிங்கப்பூரில் தெலோக் ஆயர் தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டியது. பினாங்கிலும் சூலியா தெருவில் ஒன்று உண்டு. ஆண்டவர் அடங்கியிருப்பது நாகூரில். அங்கே அடக்கம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் கையில் நாலு காசு சேர்ந்ததும் அந்த ஜனங்கள் முதலில் நினைத்த காரியங்களில் ஒன்று, தாங்கள் கப்பலேறுமுன் கும்பிட்ட வாசலை அங்கே கட்டிக்கொள்வது. அடுத்த கப்பலில் வெறுங்கையோடு வந்து இறங்குகிறவனுக்கு அது தெரிந்த வாசலாக இருக்கும் அல்லவா?