வேரில் இருக்கிறது வித்தியாசம்!

பூ இல்லை, காய் இல்லை. ஆனாலும் வாசலில் ஒரு பெரணித் தொட்டி இருந்தால் கண்ணுக்கு எத்தனை குளிர்ச்சி! நம் வீடுகளில் வளர்க்கும் பெரணிகளில் இரண்டு, பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். இரண்டுக்கும் கோத்திரமும் ஒன்றுதான். நெஃப்ரோலெபிஸ் என்பார்கள்.

ஒன்று பாஸ்டன் பெரணி. 1894-ல் அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன எக்ஸால்டாடா என்ற பெரணிச் செடிகளுக்கு நடுவே, இலை வளைந்து தொங்கிய செடி ஒன்று தனியாகத் தெரிந்ததாம். அதன் வம்சம்தான் இது. மற்றது கார்டிஃபோலியா. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தானாகவே வளர்வது. இலை ஒடுங்கலாக, நிமிர்ந்து நிற்கும். சிற்றிலைகள் மீன்முள் போல நெருக்கமாக இருக்கும்.

இலையைப் பார்த்துக் குழம்பினால் வேரைப் பாருங்கள். கார்டிஃபோலியாவுக்கு மண்ணுக்குள் கோலிக்குண்டு மாதிரி கிழங்குகள் உண்டு. நகத்தால் கிள்ளினால் தண்ணீர் கசியும். பாஸ்டன் பெரணிக்கு இது கிடையாது.

போன சித்திரையில் எதிர்வீட்டு அக்கா தொட்டி மாற்றினார். "ஐயோ, வேரெல்லாம் கட்டி கட்டியா இருக்கே! பூச்சி விழுந்திடுச்சு. மத்த செடிக்கும் தொத்திக்கும்" என்று குப்பையில் போடப் போனார். காலமான அவருடைய அம்மா கையால் வைத்த செடி அது. "இருங்கக்கா! அது நோவு இல்லே, வெயிலுக்குன்னு சேர்த்து வெச்சிருக்கிற தண்ணி" என்று ஒன்றைக் கிள்ளிக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கிழங்கோடு பத்திரமாகத் திரும்ப நட்டார்.

நேபாளத்தில் இந்தக் கிழங்குக்கு 'பானி அமலா', அதாவது தண்ணீர் நெல்லி என்று பெயர். அங்கே சாப்பிடவும் செய்கிறார்கள். உரமும் மருந்தும் போட்ட நம் தொட்டிக் கிழங்கை வாயில் வைக்க வேண்டாம்.

தண்ணீர்க் கஷ்டமுள்ள ஊரில் இந்த வித்தியாசம் தெரிவது பெரிய உதவி. பாஸ்டன் பெரணிக்கு மண் காயவே கூடாது. காய்ந்தால் சிற்றிலைகள் பழுத்துக் கொட்டிவிடும். கார்டிஃபோலியா ஓரளவு தாக்குப் பிடிக்கும். உச்சி வெயில் இரண்டுக்குமே ஆகாது. கார்டிஃபோலியாவைத் தரையில் விட்டால் படர்ந்து மற்ற செடிக்கு இடம் கொடுக்காது, தொட்டியோடு நிறுத்துங்கள்.

இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தாலும் பயப்படாதீர்கள். அவை பெரணியின் வித்துத்தூள் பைகள். வேரில் உருண்டை, இலையில் புள்ளி என்று எதைக் கண்டாலும் உடனே தூக்கி எறியாமல், நிதானமாக ஒரு முறை பாருங்கள் சகோதரிகளே!